ஜெர்மன் தேர்வு: கோத்தேவா, டெல்க்கா, டெஸ்ட்டாஃப்பா? வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பேசலாம்

தண்டையார்பேட்டை நர்ஸ்

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறேன். ஜெர்மன் ஏ2 வரை படித்தாகிவிட்டது (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலையில் இரண்டாவது). அடுத்து எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுவது என்பதில்தான் குழப்பம். வகுப்பில் கோத்தே நிறுவனத்தின் தேர்வு என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், டெல்க் என்ற இன்னொரு அமைப்பின் தேர்வுதான் சுலபம் என்கிறார். ஒரு ஏஜென்சிக்காரர் போன் செய்து, "டெஸ்ட்டாஃப்தான் பெரிய தேர்வு, அது இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் மறுக்காது, பயிற்சியிலிருந்து விசா வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்.

என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம். அவனுக்கும் ஜெர்மனி ஆசை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே தேர்வை எழுதினால் போதுமா? வீட்டில் நினைத்த நேரத்தில் பணம் புரட்ட முடியாது. அதனால் எழுதுவதை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வாத்தியார்

தங்கச்சி, முதலில் அந்த ஏஜென்சிக்காரருக்குப் பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தத் தேர்வு பெரியது என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் சான்றிதழை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள், அவர்கள் எந்த நிலை கேட்கிறார்கள், எந்தெந்தத் தேர்வை ஏற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே இதைத்தான் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாமலேயே தேர்வுக் கட்டணம் கட்டியிருப்பார்கள்.

டெஸ்ட்டாஃப் என்பது ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் வழியில் படிக்கப் போகிறவர்களுக்காக உண்டாக்கிய தேர்வு. நிலை பி2-இல் தொடங்கி சி1 வரை போகும். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 3, 4, 5 என்று ஒரு தரம் கொடுப்பார்கள். நான்கிலும் 4 வாங்கினால் மொழியைக் காரணம் காட்டிப் பொதுவாக எந்தப் பல்கலையும் மறுக்காது. கேள்விகள் எல்லாம் விரிவுரை, வரைபடம், கட்டுரை என்று கல்லூரி உலகம். வார்டில் நோயாளியிடம் பேசுவதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. ஏ2 முடித்த ஒரு நர்சுக்கு அதைச் சிபாரிசு செய்கிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது உங்கள் பணம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

நர்சுக்குக் கேட்பது பி2. நர்ஸ் என்ற தகுதியை அங்கீகரிப்பது அங்கே மாநில அரசின் வேலை. உங்கள் படிப்பை ஆராய்ந்து, எங்கே குறைகிறது என்று கடிதம் கொடுப்பார்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய ஒன்று தகவமைப்புப் பயிற்சி, இல்லையென்றால் அறிவுத் தேர்வு. அதற்காகப் பலர் பி1 சான்றிதழோடு கிளம்பி, பி2-ஐ அங்கே போய் முடிக்கிறார்கள். என் யோசனை, முடிந்தவரை பி2-ஐ இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே ஷிப்ட் முடித்து, சமைத்து, துணி துவைத்து, அப்புறம் இலக்கணம் படிப்பது மிகவும் சிரமம்.

ஒரு மாநிலம் ஏற்பதை இன்னொரு மாநிலம் அப்படியே ஏற்கும் என்று சொல்ல முடியாது. செவிலியர்களுக்கென்றே டெல்க்கில் பி1-பி2 ஃப்ளேகெ என்று ஒரு தேர்வு உண்டு. அதைச் சில இடங்களில் ஏற்கிறார்கள். பொதுவான பி2 இருந்தால் இந்தக் கவலை குறைவு. எந்த மாநிலம் என்று முடிவானதும், ஜெர்மன் அரசின் தொழில் அங்கீகார ஆலோசனை மையத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். அது பான் நகரில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இலவசமாகவே வழிகாட்டுகிறார்கள்.

திருவொற்றியூர் மாணவி

நான் சமீபத்தில்தான் கோத்தே பி2 எழுதி முடித்தேன். வாத்தியார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோத்தே பி1, பி2 இரண்டிலும் நான்கு பகுதியும் தனித்தனி. ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், 60 வாங்கினால் அந்தப் பகுதி பாஸ். எழுதுதலில் மட்டும் போய்விட்டால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். வேண்டுமானால் முதலிலேயே இரண்டு பகுதிக்கு மட்டும் பணம் கட்டி, மீதியை அப்புறம் எழுதலாம். உங்களைப் போல நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏ1, ஏ2-இல் இந்த வசதி இல்லை, மொத்தமாகத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, கோத்தே மையம் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கிறது. மேக்ஸ் முல்லர் பவன் என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஆனால் ஆட்டோவே தேவையில்லை. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவிலேயே ஆயிரம் விளக்கில் இறங்கிவிடலாம், எங்கும் மாற வேண்டாம். உங்களுக்குத் தண்டையார்பேட்டை ஸ்டேஷன். முன்பெல்லாம் எண்ணூர் ஹைரோடில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே மாட்டிக்கொண்டு எங்கள் ஏரியாப் பிள்ளைகள் தேர்வுக்குப் பட்ட பதற்றம் கொஞ்சமில்லை.

கொளத்தூர் குமார்

டெல்க் சுலபம் என்று அந்த அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் டெல்க் பி1 எழுதினவன். அங்கே படித்தல், கேட்டல், இலக்கணம், எழுதுதல் எல்லாம் சேர்ந்து எழுத்துத் தேர்வு, 225 மதிப்பெண். பேச்சு தனியாக 75. இரண்டிலும் 60 சதவீதம் வேண்டும். எழுத்துப் பகுதியில் கேட்டலில் சறுக்கினாலும் படித்தலில் நன்றாகச் செய்தால் சரிக்கட்டிவிடலாம். கோத்தேவில் அது முடியாது, ஒவ்வொரு பகுதியிலும் 60 வாங்கியே ஆக வேண்டும். எனக்குக் கேட்டல்தான் தகராறு. அதனால் டெல்க் எடுத்தேன்.

வியாசர்பாடி வாத்தியார்

தம்பி சொல்வது சரி. ஆனால் சுலபம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். டெல்க்கில் இலக்கண இடைவெளி நிரப்பும் பகுதி தனியாக உண்டு. கோத்தே பி1-இல் அப்படி ஒரு பகுதியே இல்லை. பேச நன்றாக வந்து இலக்கணம் ஆடுகிற பிள்ளைகளுக்கு கோத்தே கைகொடுக்கும். புத்தக இலக்கணம் பலமாகவும் காது பலவீனமாகவும் இருந்தால் டெல்க். ஆளைப் பொறுத்தது.

ஆனால் தேர்வில் சரிக்கட்டியது வேலையில் சரிக்கட்டாது. குறிப்பாக நர்சுக்கு. ஜெர்மனில் எண் சொல்லும்போது ஒன்றாம் இடம் முதலில் வரும். 54 என்பதை "ஃபியருண்ட்ஃபுன்ஃப்ட்ஸிக்" என்பார்கள், நான்கு முதலில், ஐம்பது பிறகு. நம் காது முதலில் நான்கைக் கேட்டதும் கை 45 என்று எழுதிவிடும். தேர்வில் அது ஒரு மதிப்பெண். வார்டில் அது மருந்தின் அளவு. எனவே கேட்டல் பலவீனம் என்றால், அதைத் தாங்கிப் பிடிக்கும் தேர்வைத் தேடுவதைவிடக் காதைப் பழக்குவது நல்லது. டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் மெதுவாக வாசிக்கும் செய்திகள் இலவசமாக வருகின்றன. மெட்ரோவில் போகும்போது கேளுங்கள். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து டெலிபோன் நம்பர்களை ஜெர்மனில் படிக்கச் சொல்லி எழுதிப் பழகுங்கள்.

எண்ணூர் வெல்டர்

அந்த டிப்ளமோ தம்பிக்காக எழுதுகிறேன். நான் இப்போது ஜெர்மனியில் ஆவுஸ்பில்டுங் இரண்டாம் வருடம். ஆவுஸ்பில்டுங் என்றால் தொழிற்பயிற்சி. பொதுவாக வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் கம்பெனி, மாதாமாதம் உதவித்தொகை. விசாவுக்குப் பொதுவாக பி1 கேட்பார்கள். நான் கோத்தே பி1 கொடுத்தேன். என்னோடு வந்த ஒருவர் ஓஎஸ்டி கொடுத்தார், அதுவும் ஏற்றுக்கொண்டார்கள். ஓஎஸ்டி ஆஸ்திரியாக்காரர்களின் தேர்வு, ஆனால் ஜெர்மனியிலும் செல்லும். கோத்தேயும் ஓஎஸ்டியும், சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர் பல்கலையோடு சேர்ந்துதான் அந்த பி1 தேர்வையே உருவாக்கினார்கள்.

ஒன்று மனதில் வைத்துக்கொள் தம்பி. பி1 விசாவுக்குப் போதும், தொழிற்பள்ளிக்குப் போதாது. முதல் வாரமே வாத்தியார் பாதுகாப்பு விதிகளை வேகமாகப் படித்துக்கொண்டு போவார், கூட இருக்கிற பதினேழு வயசுப் பசங்களுக்கு அது தாய்மொழி. எங்கள் ஊர் மிஷினில் கை வைத்துப் பழகியவனுக்கு வேலை பிரச்சினையே இல்லை. அறிக்கை எழுதுவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு வாரமும் என்ன வேலை செய்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே இருக்கும்போதே எழுதிப் பழகு.

பெரம்பூர் பொறியாளர், ஸ்டுட்கார்ட்டிலிருந்து

டிப்ளமோவுக்குப் பிறகு வேலை தேடிப் போகும் எண்ணம் இருந்தால் சான்சென்கார்ட்டே பற்றியும் பாருங்கள். ஜெர்மனிக்கு வந்து வேலை தேடுவதற்கான விசா அது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளே நுழையவே ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும். அப்புறம் 6 புள்ளி சேர்க்க வேண்டும். அதில் ஜெர்மன் ஏ2-க்கு 1, பி1-க்கு 2, பி2-க்கு 3 புள்ளி. ஆக, ஒவ்வொரு நிலைச் சான்றிதழுக்கும் அங்கே நேரடி மதிப்பு உண்டு. ஆனால் வேலை தேடும் காலத்தில் சாப்பிட, தங்கப் பணம் காட்ட வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மேல்படிப்பு என்றால் கதை வேறு. ஆங்கில வழியில் எம்.எஸ். படிக்க நிறைய இடங்களில் ஜெர்மன் சான்றிதழே கேட்பதில்லை. இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். 2022 நவம்பர் முதல் அது கட்டாயம், அது மொழித் தேர்வு அல்ல, மார்க்‌ஷீட் சரிபார்ப்பு. ஜெர்மன் வழியில் படிக்கத்தான் டெஸ்ட்டாஃப் நான்கு நான்குகள், அல்லது பல்கலைப் படிப்புக்கான டெல்க் சி1 ஹோக்‌ஷூலெ, அல்லது அங்கே பல்கலையிலேயே எழுதும் டிஎஸ்எச் இரண்டாம் தரம். கோத்தே சி1-ஐப் பல பல்கலைகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. கோத்தே சி2 என்றால் பிரச்சினை இல்லை. சேரப்போகும் படிப்பின் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. என் நண்பன் ஒருவன் பக்கத்துப் பல்கலை ஏற்றதே என்று நம்பிக் கடைசி நேரத்தில் அலைந்தான்.

ராயபுரம் அம்மா

எல்லாரும் படிப்பு, வேலை என்று பேசுகிறீர்கள். என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மியூனிக்கில் ஐ.டி. வேலை. பெண்ணுக்கு ஏ1 கட்டாயம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். அவர்களே தேர்வு வைத்து, அவர்களே சர்டிபிகேட்டும் தருவார்களாம். அது போதுமா பிள்ளைகளா?

வியாசர்பாடி வாத்தியார்

போதாதுங்கம்மா. பயிற்சி மையம் தன் கையெழுத்தில் கொடுக்கும் தாளைத் தூதரகத்தில் ஏற்க மாட்டார்கள். கோத்தே, டெல்க், ஓஎஸ்டி, டெஸ்ட்டாஃப் போன்ற அங்கீகாரமுள்ள அமைப்பின் சான்றிதழாக இருக்க வேண்டும். மையம் டெல்க் அல்லது ஓஎஸ்டியின் உரிமம் பெற்ற தேர்வு மையம் என்றால் சரி. அப்படியா என்று அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

அதற்கும் முன்னால் மாப்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள். அவரிடம் இருப்பது ப்ளூ கார்டு (பட்டம் படித்து வேலைக்குப் போனவர்களுக்கான குடியிருப்பு அனுமதி) என்றால், மனைவிக்கு விசாவுக்கு ஏ1 கட்டாயமே இல்லை. வேறு விசா என்றால் தேவைப்படலாம். கட்டாயம் இல்லை என்றாலும் பிள்ளை ஏ1 படித்துவிட்டுப் போவது நல்லது. புது ஊரில் கடைக்கும் டாக்டரிடமும் கணவன் துணையில்லாமல் போய்வரும் தைரியம் அவளுக்கு வேண்டும்.

பெரம்பூர் பொறியாளர், ஸ்டுட்கார்ட்டிலிருந்து

நிரந்தரக் குடியிருப்புக்கும் மொழி உதவும் அம்மா. ப்ளூ கார்டு வைத்திருப்பவர் ஏ1 அளவு தெரிந்திருந்தால் 27 மாதத்தில் விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்தில். மாப்பிள்ளையையும் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். குடியுரிமைக்கும் பி1தான் அளவு.

திருவொற்றியூர் மாணவி

ஏ1 எழுதப் போகிற அந்த அக்காவுக்கு ஒரு விஷயம். பேச்சுத் தேர்வில் குழுவாக உட்காரவைத்து, முதலில் தன்னை அறிமுகம் செய்யச் சொல்வார்கள். உடனே பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். நம் பெயர்கள் நீளம். நாம் சின்ன வயதிலிருந்து ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பழகியவர்கள். விஜயலட்சுமி என்றால் முதல் எழுத்து வீ இல்லை, "ஃபௌ". அடுத்தது "ஈ", ஜே வருகிற இடத்தில் "யொட்". ஆங்கிலத்தில் நாம் ஈ என்பது அங்கே "ஏ". பதற்றத்தில் இரண்டும் கலந்துவிடும். எங்கள் குழுவில் நன்றாகப் பேசுகிற ஒரு பெண் தன் பெயரிலேயே தடுமாறினாள், பார்க்கப் பாவமாக இருந்தது. தினமும் தன் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் மூன்றையும் சத்தமாக எழுத்துக்கூட்டிப் பழகச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயரைப் போடுங்கள். இனிஷியல் தொல்லை நம் ஊருக்கே உரியது. மார்க்‌ஷீட்டில் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். சான்றிதழ் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். தேர்வன்றும் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போக வேண்டும்.

தண்டையார்பேட்டை நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. நிறையத் தெளிவு வந்தது. அந்த ஏஜென்சி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்று வாத்தியார் சொன்னார். இன்று மறுபடி போன் வந்தது. நான்கே மாதத்தில் பி2 முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

வியாசர்பாடி வாத்தியார்

கணக்கைப் பாருங்கள் தங்கச்சி. பூஜ்யத்திலிருந்து பி2 வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும் என்று கோத்தே நிறுவனமே சொல்கிறது. 600 என்று வைத்தாலும் 450 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி, வாரத்தில் ஆறு நாள் என்றால் ஒன்பது மாதம் நெருங்கும். நீங்கள் ஏ2 முடித்தவர், அதனால் பாதிக்கும் குறைவான தூரம் கழிந்திருக்கிறது. மீதியை ஐசியூ வேலையோடு நான்கு மாதத்தில் ஓட முடியாது. ஓட வைத்தாலும் மனப்பாடக் கடிதமும் மனப்பாடப் பேச்சும்தான் மிஞ்சும். பி2 பேச்சுத் தேர்வில் எதிரில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். அங்கே மனப்பாடம் உதவாது.

பணம். செவிலியர்களை ஜெர்மனிக்கு நியாயமாக அழைத்துச் செல்வோருக்கு என்று ஜெர்மன் அரசு ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது. அதன் அடிப்படையே ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது. நம் நாட்டுச் சட்டப்படியும், ஏஜென்சி வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அவரிடம் பதிவு எண் கேளுங்கள், இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். நம் ஏரியாவில் எத்தனை நர்ஸ் பிள்ளைகள் நகையை அடகு வைத்து இப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுவிட்டு வேறு எதையும் யோசியுங்கள்.

கொளத்தூர் குமார்

தேர்வுத் தேதி பற்றி யாரும் சொல்லவில்லை. கோத்தே பதிவு இணையத்தில் திறந்ததும் இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். விண்ணப்பத் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சென்னையில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர், பெங்களூரு மையங்களையும் பாருங்கள். அங்கேயே படிக்காத வெளியாட்களுக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல்.

படிக்க இடம் இல்லாதவர்கள் எங்கள் பக்கம் முதல்வர் படைப்பகம் வரலாம். அமைதியாக இருக்கும், வீட்டு டி.வி. சத்தம் இல்லாமல் மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதலாம். மாதிரித் தாள்கள் கோத்தே, டெல்க் இரண்டு தளங்களிலும் இலவசம். ஒவ்வொன்றிலும் ஒன்று எழுதிப் பாருங்கள். எது உங்களுக்கு வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தண்டையார்பேட்டை நர்ஸ்

இரண்டு மாதிரித் தாளையும் எழுதிப் பார்த்தேன். எனக்குப் படித்தலும் பேச்சும் பரவாயில்லை, எழுதுதல்தான் குறைகிறது. கோத்தே பி1-ஐப் பகுதி பகுதியாக எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முதலில் படித்தலும் பேச்சும், ட்யூட்டி ரோஸ்டர் பார்த்து மற்ற இரண்டும். பிறகு பி2. தம்பிக்கு பி1 வரை கோத்தே, அவன் ஆவுஸ்பில்டுங் பக்கம் சாய்கிறான். ஏஜென்சிக்காரரிடம் இ-மைக்ரேட் பதிவு எண் கேட்டேன். வைத்துவிட்டார். பி1 பேச்சுத் தேர்வுக்கு ஜோடி வேண்டும், யாராவது பயிற்சிக்கு வருவீர்களா?

திருவொற்றியூர் மாணவி

நான் வருகிறேன் அக்கா. ஞாயிறு மதியம் உங்களுக்கு ஓய்வா? பி1-இல் முதல் வேலை இரண்டு பேர் சேர்ந்து ஏதாவது திட்டமிடுவது, அப்புறம் ஆளுக்கொரு சின்ன உரை, அதற்குக் கேள்வி. நான்கைந்து தலைப்பு எழுதி எடுத்து வருகிறேன்.

ஸ்டான்லி ஹவுஸ் சர்ஜன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கும் இதே பி2 போதுமா?

வியாசர்பாடி வாத்தியார்

டாக்டர்களுக்குப் பொது மொழியில் பி2, அதற்கு மேல் ஃபாக்‌ஷ்ப்ராக்ப்ரூஃபுங் என்ற மருத்துவ மொழித் தேர்வு சி1 அளவில். அதை ஜெர்மனியில் பெரும்பாலும் அந்தந்த மாநில மருத்துவர் சபைதான் நடத்துகிறது. நோயாளியிடம் விசாரிப்பது, அதை அறிக்கையாக எழுதுவது, மூத்த டாக்டரிடம் எடுத்துச் சொல்வது என்று மூன்று பகுதி இருக்கும். இங்கே பி2 முடித்துவிட்டு எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள் சார், அந்த மாநிலத்து விதிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.